உச்சியில் மாறும் பஸ் ஸ்டாப்பு

மொடக்குப்பதிக் குப்பண்ணன் ஒரு நாட்டையே தூக்கி நிறுத்திவிட்டு வந்தவர் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவரேதான்.

பாலமும் ரோடும் போடும் சாப்பர் படையில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் கிழக்கே யுத்தம் முடிந்து வங்காளிகளுக்குத் தனி நாடு அமைந்தபோது, அவருடைய பட்டாளம் அங்கே ஓர் ஆற்றங்கரைப் பட்டணத்தில் உடைந்த பாலத்தைச் சரிசெய்துகொண்டிருந்தது. பட்டணத்துக்குப் புதிதாக வந்த சர்க்கார் அதிகாரிக்கு வயது இருபத்தாறு. சர்க்கார் கச்சேரிக் கட்டடம் மட்டும் நின்றது. உள்ளே மேஜை நாற்காலி ஒன்றுகூட இல்லை. காலி குண்டுப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துதான் அந்தப் பிள்ளை நாட்டை ஆளத் தொடங்கினான். மூன்று வாரம் குப்பண்ணனுக்கு வேலை, வீடு வீடாகப் போய்க் கச்சேரி நாற்காலிகளைத் தேடிப் பிடித்து வருவது. புதிய நாடு வேண்டும் என்றவர்கள் வீட்டிலும் இருந்தது, வேண்டாம் என்றவர்கள் வீட்டிலும் இருந்தது. நாற்காலி விஷயத்தில் மட்டும் அந்த ஊரில் கட்சி பேதமே இல்லை. அது முடிந்ததும் ஓடத்துறையில் ஜனங்களை வரிசையில் நிறுத்தும் வேலை கொடுத்தார்கள். தினம் நாலாயிரம் பேர். மூன்று நாள் அடிதடி, நாலாம் நாள் வரிசை.

இந்த அனுபவத்திலிருந்து குப்பண்ணன் ஒரு சித்தாந்தம் செய்து கொண்டு வந்திருந்தார். வடகரப்பதிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தாலும் இலை போடுவதற்குள் அதைச் சொல்லிவிடுவார்.

"சர்க்காருன்னா ரெண்டே சாமானுங்க. உக்கார ஒரு நாக்காலி, நிக்க ஒரு வரிசை. மத்ததெல்லாம் தன்னால வரும்."

அவருடைய சம்சாரம் மருதாத்தாள், நம்ம வீட்டில் நாற்காலியும் கிடையாது, நீங்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றதும் கிடையாது என்பாள்.

மலையாள எல்லைக்குள் இருக்கும் தமிழ் ஊரான மொடக்குப்பதியிலும் ஒரு யுத்தம் நடந்து முடிந்திருந்தது. அறுபத்தேழில், ஒரே முகூர்த்தத்தில் தெற்கு வளவில் ஒரு கல்யாணம், வடக்கு வளவில் ஒரு கல்யாணம். வளவு என்றால் நெருக்கமாகக் கட்டிய முப்பது நாற்பது வீடுகள். இரண்டுக்கும் நடுவே நூறு கஜம். இரண்டு பந்தலிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். தெற்கின் குழாய் வடக்கைப் பார்த்தது, வடக்கின் குழாய் தெற்கைப் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு குழாய் நசுங்கியது, இரண்டு மண்டை உடைந்தது, சித்தூர் கோர்ட்டில் மூன்று கேஸ் பதிவானது. அப்புறம் எழுபத்துநாலு வரை சமாதானம் என்ற சொல்லே ஊரில் கிடையாது. எல்லாம் இரண்டிரண்டாயிற்று. இரண்டு டீக்கடை, இரண்டு நாவிதர், இரண்டு மாட்டுப் பொங்கல்.

தெற்குக்குத் தலைவர் ஆறுமுகசாமி. நிலக்கடலையும் மாந்தோப்பும் உள்ளவர், குரல் பெரிது. வடக்குக்குச் சின்னையன். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். ஆறுமுகசாமியின் கூடப் பிறந்த தங்கை வள்ளியாத்தாளைத்தான் சின்னையன் கட்டியிருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஏழு வருஷமாக முகம் பார்த்துப் பேசவில்லை.

ஊருக்கு வந்த ஒரே பஸ்ஸுக்கும் இரண்டு ஸ்டாப்பு. காலை ஆறு பத்துக்குத் தெற்கேயிருந்து வந்து கஞ்சிக்கோடு போகும், சாயங்காலம் திரும்பும். காலையில் தெற்கு வளவில் முதலில் நிற்பதால் ஜன்னலோர இடங்கள் தெற்கத்தியாருக்கே போய்விடுகின்றன என்பது வடக்கின் புகார். சாயங்காலம் நாங்கள்தானே கடைசியில் இறங்குகிறோம் என்பது தெற்கின் பதில். புகார் முற்றி, இரண்டு நாள் வடக்கத்தியார் ரோட்டில் படுத்துவிட்டார்கள். அதற்கு மேல் போக்குவரத்து ஆபீஸிலிருந்து மலையாளத்தில் ஒரு கடுதாசி வந்தது. ஊருக்கு ஒரே ஸ்டாப்பு. எது என்று ஊரே ஒற்றுமையாகச் சொல்ல வேண்டும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாரி நேரில் வருவார். தகராறு தொடர்ந்தால் பஸ் நிறுத்தப்படும்.

கடுதாசியை வாசித்துச் சொன்னவள் குப்பண்ணனின் மகள் காளியாத்தாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது தேறியவள். கஞ்சிக்கோட்டில் மின்விசிறிக்குக் கம்பி சுற்றும் ஒரு பாக்டரியில் அவளுக்கு வேலை கிடைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள். அதற்குள் மூன்று நாள் நேரம் தவறினால் வீட்டுக்குப் போகலாம். வடக்கத்தியார் ரோட்டில் படுத்த இரண்டு நாளும் அவள் தவறியிருந்தாள்.

"ஏனுங்கப்பா, அந்த நாட்டுல ஆத்தத் தாண்டி அத்தன பேரக் கொண்டு போய்ச் சேத்தீங்களே," என்றாள். "என்னைய ஒரு ரெண்டு மாசம் கஞ்சிக்கோட்டுக்குச் சேத்துட மாட்டீங்களா?"

பந்தியில் சொல்லும் சித்தாந்தம் இதற்குப் போதுமா என்று குப்பண்ணனுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. ஆனாலும் மீசையைத் தடவிக்கொண்டு, சீரமைப்புக் கமிட்டி என்று ஒன்றை அறிவித்தார்.

கமிட்டி கூட நாற்காலி வேண்டுமே. தெற்கிலிருந்து நாற்காலி வாங்கினால் வடக்கு உட்காராது. வடக்கிலிருந்து வாங்கினால் தெற்கு உட்காராது. வேலந்தாவளம் போய் எட்டு மடக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்து வந்தார். ஊருக்கு நடுவே, பொதுக்கிணற்றுப் பக்கத்துப் புளிய மரத்தடியில் அவற்றைப் போட்டார். நாலு தெற்கே பார்த்து, நாலு வடக்கே பார்த்து. கூட்டம் தொடங்கியதும் ஆறுமுகசாமி குப்பண்ணனைப் பார்த்து, "எதுத்தாப்ல உக்காந்திருக்கறவங்களுக்குச் சொல்லுங்க, ஸ்டாப்பு தெக்கதான்," என்றார். மூன்றடி தூரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சின்னையன், குப்பண்ணன் அதைத் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்தார். பிறகு, "அவங்களுக்குச் சொல்லுங்க, வடக்கதான்," என்றார். ஒன்றரை மணி நேரம் இப்படி நடந்தது. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்டதில் கூட்டத்துக்கு வந்த பாதிப் பேர் தூங்கிப் போனார்கள்.

நடுவில், புளிய மரத்தடியிலேயே ஸ்டாப்பை வைத்துவிட்டால் என்ன என்று குப்பண்ணன் கேட்டுப் பார்த்தார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இரு தரப்பும் ஒன்றாகத் தலையை ஆட்டின, முடியாதென்று. நடுவில் வைத்தால் எதிராளி ஜெயிக்கவில்லை என்பது நிஜம்தான், நாமும் ஜெயிக்கவில்லையே.

அடுத்து வரிசையை முயன்றார். அதற்கு இரண்டு வரிசை வந்தது.

மூன்றாம் வாரம் ஒரு நாள், தோற்றுப்போன தளபதி மாதிரித் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பொதுக்கிணற்றுக்குக் குளிக்கப் போனார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓட, தண்ணீர் தெற்கு வளவின் கடலைக் காடுகளுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. வாய்க்கால் பிரியும் இடத்தில் சின்னையன் மம்பட்டியோடு தனியே நின்றிருந்தார். கண் அங்கே நட்டிருந்த கல்தூணின் நிழலில் இருந்தது. நிழலின் நுனி சுருங்கி வந்து, அடியில் பதித்த பலகைக்கல்லைத் தொட்டது. எங்கிருந்தோ ஆறுமுகசாமியின் ஆள் வந்து தெற்கு மடையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தான். சின்னையன் வடக்கு மடையைத் திறந்தார். ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் வடக்கே திரும்பியது.

அந்தக் கிணற்றில் இரண்டு வளவுக்கும் பங்கு. ஒரு நாள் உச்சி வெயிலிலிருந்து மறு நாள் உச்சி வரை தெற்கின் முறை. அப்புறம் அதே அளவு வடக்கின் முறை. தாத்தன் காலத்து ஏற்பாடு. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் போய் மோட்டார் வந்த பிறகும் மாறவில்லை. குப்பண்ணன் சிறு வயது முதல் பார்த்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் தலையில் ஊற்றிய தண்ணீரோடு அப்படியே நின்றார்.

"ஏனுங்க சின்னையா, மண்ட ஒடஞ்ச அன்னைக்கும் முறை மாறுச்சுங்களா?"

சின்னையன் இவரை ஒரு மாதிரி பார்த்தார். "மண்ட ஒடஞ்சது சாயங்காலமுங்க. முறை மாறுனது உச்சில. அதுக்கும் இதுக்கும் என்னுங்க?"

ஈரத் துண்டோடு குப்பண்ணன் தெற்கு வளவுக்கு ஓடினார். ஆறுமுகசாமியிடம் அதே கேள்வியைக் கேட்டார். தண்ணீர் முறையில் விளையாடுகிறவன் மனிதனா என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்படியானால் பஸ்ஸையும் முறை வைத்து நிறுத்தலாமா என்றார் குப்பண்ணன். ஆறுமுகசாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். முறை என்றால் அதில் யாரும் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. நமக்கு வருவது நமக்கு. அன்று மாலையே இரு தரப்பும் சம்மதித்துவிட்டன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் குப்பண்ணன் எச்சரித்தார். பஸ்ஸுக்கு நாள் என்பது நடு ராத்திரிக்கு நடு ராத்திரி. அதன்படி ஒரு நாள் தெற்கு, ஒரு நாள் வடக்கு என்று வைத்துக்கொண்டால் சுலபம் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. முறை உச்சியில்தான் மாறும். உச்சியில் மாறாததற்குப் பெயர் முறையே இல்லை. காளியாத்தாள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பஸ் வருவது காலையும் மாலையும். உச்சியில் மாறினால், காலையில் ஏறுகிற ஸ்டாப்பில் சாயங்காலம் இறங்க முடியாது. தன் வளவில் ஏறியவன் எதிரி வளவில் இறங்க வேண்டும். எதிரி வளவில் ஏறியவன் தன் வீட்டு வாசலில் இறங்கலாம். எப்படியும் ஊரில் பஸ் ஏறும் ஒவ்வொருவனும் தினம் ஒரு தடவை எதிரியின் டீக்கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இதை அவள் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

அதிகாரி வருவதற்கு முன் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. டிரைவர் ஒற்றப்பாலத்துக்காரர். முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் நாள், கண்ணாடிக்கு மேலே சாக்பீஸால் தெ, வ என்று எழுதி அழித்து எழுதக் கற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரியின் ஜீப் பத்து மணிக்கு வரும் என்றிருந்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு வந்தது. தெற்கின் முறை. தெற்கு ஸ்டாப்பில் இரண்டு வளவும் சேர்ந்து நூற்றைம்பது பேர் வரிசையில் நின்றார்கள். குப்பண்ணன் பழைய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். வாடகை நாற்காலிகளில் நல்லதாக ஒன்று அதிகாரிக்குப் போட்டு இளநீர் கொடுத்தார்கள். இத்தனை ஒழுங்கை எந்த ஊரிலும் கண்டதில்லை என்று அதிகாரி மலையாளத்தில் சொன்னார். குப்பண்ணனுக்கு மார்பு ஒரு சுற்று பெருத்தது. அதிகாரி பைலைப் பிரித்து, பேனா மூடியைத் திறந்து, ஸ்டாப்பு இருக்கும் இடம் என்ற கட்டத்தில் தெற்கு என்று எழுதத் தொடங்கினார்.

கிணற்றுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "நெழலு தொட்ருச்சுங்கோ."

வரிசை அப்படியே திரும்பியது. நூற்றைம்பது பேரும், முன்னால் ஆறுமுகசாமியும் பக்கத்தில் சின்னையனுமாக, வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் அதிகாரியிடம் வந்து, கொஞ்சம் எழுந்திருங்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். அவர் எழுந்ததும் நாற்காலியை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்தார்கள். நாற்காலி ஸ்டாப்புக்கு உரியது. ஸ்டாப்பு போனால் நாற்காலியும் போக வேண்டும் அல்லவா?

ஆளில்லாத ரோட்டில், ஒரு கையில் இளநீரும் மறு கையில் பேனாவுமாக அதிகாரி நின்றார். "எந்தா இது?" என்று குப்பண்ணனைக் கேட்டார். குப்பண்ணனின் மலையாளம் பட்டாளத்து மலையாளம். அதில் கெட்ட வார்த்தைகள்தான் அதிகம். பொறுப்பைக் காளியாத்தாள் எடுத்துக்கொண்டாள். கிணறு, முறை, நிழல், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் நூறு கஜம் நடப்பதற்குள் சொல்லி முடித்தாள். எப்போது பார்த்தாலும் ஊரில் ஒரு ஸ்டாப்புதான் இருக்கும், கடுதாசியில் கேட்டதும் அதுதானே என்றாள். அதிகாரி வடக்கு ஸ்டாப்பில் மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முறை என்று எழுதப் பைலில் கட்டம் கிடையாது என்றார். அன்று வரவழைத்திருந்த டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார். முன்பு இந்த ஊரில் கால் மணி நேரம் போகும், இப்போது ஒரு நிமிஷம் என்று டிரைவர் சொன்னதுதான் எடுபட்டது. ஒரு மாதம் பார்க்கலாம். அதற்குள் தகராறினால் ஒரே ஒரு நாள் பஸ் தாமதித்தாலும் நிறுத்திவிடுவேன் என்று எழுதி வைத்துவிட்டு, இளநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மாதம் முழுக்க ஊர் தன்னைத்தானே காவல் காத்தது. தன் ஆள் தப்பு செய்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தரப்பும் தன் ஆளையே முறைத்தது. எதிரி வளவில் இறங்கியவர்கள் முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். இரண்டாம் வாரம் மழை பிடித்தது. மழைக்கு எதிரியின் டீக்கடையில் ஒதுங்கினார்கள். ஒதுங்கியவன் சும்மா நிற்க முடியாதே என்று டீ குடித்தார்கள். அங்கே சர்க்கரை தூக்கலாகப் போடுவது அப்போதுதான் தெரியவந்தது. ஏழு வருஷமாக நாம் சப்பென்று குடித்திருக்கிறோம் என்று தெற்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

பதினேழாம் நாள், ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஆறுமுகசாமியின் பெரியப்பா காலமானார். தொண்ணூறு வயசு, கல்யாணச் சாவு. அண்ணன் வீட்டு வாசலை ஏழு வருஷம் மிதிக்காத வள்ளியாத்தாள் தலைமயிரை விரித்துப் போட்டுக்கொண்டு நேரே நடந்து உள்ளே போனாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வியாழன் பிற்பகல் எடுத்தார்கள். அதுவரை கிணற்றில் மோட்டார் போடவில்லை. சாயங்கால பஸ் எங்கே நின்றது என்று கவனிக்க ஆளில்லை. டிரைவர் தன் கணக்குப்படி வடக்கில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளிக்கும்போதுதான் குப்பண்ணனுக்குப் பொறி தட்டியது. சாவு விழுந்தால் கிணறு நிற்கும். நின்ற முறையைச் சாவு வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் தாத்தன் காலத்து ஏற்பாடு. வழக்கமான கணக்கில் வெள்ளிக்கிழமை காலை வடக்கின் முறை. கிணற்றுச் சட்டப்படி, நின்றுபோன முறை திரும்பி வருவதால் தெற்கின் முறை. தண்ணீருக்கு இது சரி. பஸ்ஸுக்கு?

துக்க வீட்டில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த ஆறுமுகசாமியிடம் ஸ்டாப்பைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. சின்னையனிடம் போனார். "பாக்கலாமுங்க," என்றார் சின்னையன். அவ்வளவுதான். பாதி ஊர் இங்கும் பாதி ஊர் அங்கும் நின்றால் பஸ் நிற்கும், பஸ் நின்றால் நேரம் போகும், காளியாத்தாளுக்கு அது மூன்றாவது நாள். ஆறு மாதம் முடிய இரண்டே வாரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அப்பனும் மகளும் வீட்டை விட்டு இறங்கினார்கள். புளிய மரத்தடி வந்ததும் காளியாத்தாள் நின்றாள்.

"எந்தப் பக்கமுங்கப்பா?"

ஒரு நாட்டைத் தூக்கி நிறுத்திய குப்பண்ணன், "தெரியலையே சாமி," என்றார்.

வடக்கே பார்த்தார்கள். ஸ்டாப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. வடக்கு வளவிலிருந்து சின்னையன் முன்னால் வர, அவருடைய ஆட்கள் முப்பது பேரும் சோற்றுத் தூக்குப்போசியும் குடையுமாக மரத்தைத் தாண்டித் தெற்கே நடந்தார்கள். துக்கக்காரர்களின் முறையை எடுத்துக்கொண்டு எவன் பஸ் ஏறுவான் என்று போகிற போக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். தெற்கு ஸ்டாப்பில் ஆறுமுகசாமி நின்றிருந்தார். சின்னையன் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மொத்த ஊரும் ஒரே வரிசை. குப்பண்ணனுக்குக் கண் கலங்கியது. அந்த ஆற்றங்கரையிலும் இப்படி ஒரு வரிசை பார்த்ததில்லை.

ஆறு பத்துக்கு பஸ் வந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, வரிசையைத் தாண்டிக்கொண்டு நேரே போனது. நூறு கஜம் தள்ளி, ஆளில்லாத வடக்கு ஸ்டாப்பில் கணக்காகப் போய் நின்றது. கண்ணாடிக்கு மேலே வ என்று எழுதியிருந்தது.

குப்பண்ணன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, "வரிசைய உடுங்க, ஓடுங்க," என்று கத்தினார். தெற்கும் வடக்கும் ஓடின. தூக்குப்போசி உருண்டது, செருப்பு அறுந்தது. எல்லோருக்கும் முன்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காளியாத்தாள் ஓடினாள். படியில் கால் வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ஆறு பதினொன்று. ஏழு மணிக்கு அவள் பாக்டரி வாசலில் இருப்பாள்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஆறுமுகசாமி பஸ்ஸின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மொட்டைத் தலையில் வேர்வை. டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எதிரே நின்றவரை நேராகப் பார்த்தார்.

"ஏம் மாப்ள, டிரைவருக்கு எழவு சொல்ல ஆளு அனுப்பலியா?"

சின்னையன் இடுப்பில் கை வைத்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார். "எழவு சொல்றது சொந்தம் ஒறம்பரைக்குத்தானுங்க மச்சா. அவுரு நம்முளுக்கு என்ன முறை வேணும்?"

டிரைவருக்கு விஷயம் புரிய ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் காளியாத்தாளிடம் இல்லை. அவளே கயிற்றை இழுத்து மணி அடித்தாள். ஏற வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் ஏறாமல் அந்தக் கேள்வியைப் பேசிக்கொண்டே தெற்கே நடந்தார்கள். குப்பண்ணன் அவர்களுக்கு நடுவில் போகாமல், பத்தடி பின்னால், கொட்டிப்போன தூக்குப்போசிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். திருப்பிச் சொல்ல அவர்களுக்கு இனி ஓர் ஆள் வேண்டியிருக்கவில்லை.